அகழியைக் காப்பதென்றால் அதன் நீரைக் காக்க வேண்டும்: திட்ட அனுமதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டக் கவுன்சிலின் திட்ட அனுமதிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் கிராமத்தின் தெற்கு எல்லையில் உள்ள இடைக்கால மேனர் (நிலக்கிழார் பண்ணை) மனையின் அகழியை ஒட்டி வீடுகள் கட்ட அனுமதி அளிக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் நீங்கள் தீர்மானித்தீர்கள். உங்கள் அதிகாரிகள் முன்வைத்த அறிக்கை, அந்த அகழி பொதுப் பசுமை வெளிக்குள் பத்திரமாக வைத்துக் காக்கப்படும் என்று கூறுகிறது. அதே அறிக்கையோடு இணைத்துள்ள வரைபடமோ, அகழியின் நான்கு பக்கக் கரங்களில் தூர்ந்துபோன மேற்குக் கரத்தின் மீது வாகனச் சாலையையும், தெற்குக் கரத்துக்கு மிக அருகில் அகழியைவிட ஆழமான மழைநீர்த் தேக்கக் குளம் ஒன்றையும் காட்டுகிறது. அறிக்கையின் சொல்லும் வரைபடத்தின் கோடும் ஒன்றுக்கொன்று முரணானவை. இந்த வரைபடத்தின்படி வேலை நடந்தால் அகழியின் வடிவம் மட்டும் புல்வெளியில் ஒரு பள்ளமாக மிஞ்சும். எழுநூறு ஆண்டுகளாக அதை அகழியாக வைத்திருந்த நீரும், அந்த நீர் காத்துவந்த சான்றுகளும் சில ஆண்டுகளில் போய்விடும். இதை ஏற்றுக்கொண்டு பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.

இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் இதை வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. என்னைப் போல லண்டனை விட்டு விலகி, கிழக்கு இங்கிலாந்தின் சிற்றூர்களில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. திட்ட அனுமதி பற்றிய அறிவிப்புத் தாள் விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தும், இது நமக்குரிய விடயம் அல்ல என்று பலர் கடந்து போகிறார்கள். தாம் வாழும் மண்ணைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் தங்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் நீர்வடிகால் பொறியியலில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். மழை எங்கே விழுகிறது, எந்த மண்ணில் ஊறுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று கணக்கிடுவதே என் தொழிலாக இருந்தது. தொல்லியல் பின்னாளில் வந்த ஈடுபாடு. உள்ளூர்த் தன்னார்வலர்களோடு உழுத வயல்களில் நடந்து பானையோடுகளைப் பொறுக்கியும், பழைய நிலப்படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட்டும் கற்றுக்கொண்டது. ஆகவே இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி நீரைப் பற்றியதாகவே இருக்கும். உங்கள் அறிக்கை ஏறக்குறைய முழுவதும் தவிர்த்துவிட்ட பகுதியும் அதுவே.

இங்கிலாந்தில் இத்தகைய அகழி சூழ்ந்த மனைகள் ஏறத்தாழ 6,000 அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பல 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட காலத்தில் தோண்டப்பட்டவை. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும், குறிப்பாகப் பனியுகப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கனத்த களிமண் மூடிய சஃபோக், எசெக்ஸ் மேட்டுநிலங்களில், அவை மிக நெருக்கமாக உள்ளன. அகழி என்றதும் கோட்டையும் முற்றுகையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை படையைத் தடுப்பதற்காகத் தோண்டப்படவில்லை. உள்ளே வாழ்ந்தவரின் தகுதியை ஊர் அறியச் செய்வதற்காகவே தோண்டப்பட்டன. மதில்மேல் போர்முகப்பு எழுப்ப அரசரிடம் உரிமம் பெறும் வழக்கம் இருந்த அக்காலத்தில், வீட்டைச் சுற்றி அகழி வெட்ட எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால் பெரும் பிரபுக்கள் மட்டுமன்றி, காடு திருத்தி நிலம் சேர்த்த நடுத்தர உழவர்களும் பாதிரியார்களும்கூடத் தங்கள் மனைகளைச் சுற்றி அகழி வெட்டினார்கள். அகழியில் மீன் வளர்த்தார்கள், கால்நடைகளுக்கு நீர் காட்டினார்கள், கள்வரைத் தள்ளி வைத்தார்கள். வெட்டிய மண்ணை நடுவில் கொட்டித் திட்டை உயர்த்தியதால், மழைக்காலத்தில் சகதியாகிவிடும் இக்களிமண் நிலத்தில் வீடு நிற்க உலர்ந்த மேடும் கிடைத்தது.

பெரும் பிரபுக்களின் வாழ்வை எழுதிவைக்க ஆட்கள் இருந்தார்கள். இந்த நடுத்தர மனைகளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. மேனர் நீதிமன்றச் சுருள்களில் ஒரு தண்டனைத் தொகை, ஒரு வாரிசுப் பெயர், ஒரு வேலித் தகராறு என்று துணுக்குகளே கிடைக்கின்றன. அச்சுருள்கள் எல்லா ஊர்களுக்கும் எஞ்சவும் இல்லை. 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோய்க்கு முன் இந்நாட்டின் கிராமங்களில் மக்கள் எப்படி உண்டார்கள், எதைப் பயிரிட்டார்கள், எந்த மரத்தால் வீடு கட்டினார்கள் என்பதற்கு இத்தகைய அகழிகளின் அடிச்சேறுதான் பல இடங்களில் மீதியிருக்கும் ஆவணம்.

இனி எங்கள் ஊர் அகழிக்கு வருகிறேன். தெற்கு, கிழக்குக் கரங்களில் இன்றும் நீர் நிற்கிறது. வடக்குக் கரம் புல் மூடிய பள்ளமாகத் தெரிகிறது. மேற்குக் கரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1960களில் இடிந்த கொட்டகை ஒன்றின் கற்களையும் வேலியோர மண்ணையும் போட்டு அதை நிரப்பியதாக, அந்த நிலத்தில் இளம்வயதில் வேலைசெய்த முதியவர் ஒருவர் எங்கள் குழுவிடம் சொன்னார். அவர் சொன்னதை நிலமே உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் மேய்ச்சல் நிலம் முழுவதும் காய்ந்து பழுப்பேறியபோது, மேற்குப் பக்கத்தில் ஓர் அகன்ற பசும்பட்டை நேர்கோடாக எழுந்து, வடக்கிலும் தெற்கிலும் மற்றக் கரங்களோடு மூலைக்கு மூலை சேர்ந்தது. அடியில் ஈரம் இருப்பதால்தான் மேலே புல் பசுமையாக நிற்கிறது. அதன் படங்களை, எடுத்த நாளோடும் இடத்தோடும், கவுன்சிலின் கருத்துக்கேட்புக் காலத்தில் ஒப்படைத்தோம். சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் லைடார் (வானிலிருந்து லேசர் ஒளியால் எடுக்கும்) உயர அளவீடுகளிலும் அதே நாற்கரம் தெரிகிறது. நாட்டின் நிலப்பட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் பழைய நிலப்படத்திலோ நான்கு கரங்களும் முழுமையாக வரையப்பட்டு, தொல்பொருள் இடங்களுக்கே உரிய கோதிக் எழுத்தில் அகழி என்று குறிக்கப்பட்டும் இருக்கிறது. நாங்கள் ஊகத்தின் மேல் பேசவில்லை.

இவற்றுக்கு எதிராக உங்கள் முன் வைக்கப்பட்டது, கட்டுமான நிறுவனம் அமர்த்திய ஆலோசகரின் அறிக்கை. அவர் அந்த நிலத்தைப் பார்த்தது ஒரேயொரு முறை, கோடையின் கடைசியில். நீர் ஆண்டிலேயே மிகக் குறைவாக இருக்கும் அந்தப் பருவத்தில் நின்று பார்த்துவிட்டு, பகுதியளவு வறண்ட, சிதைந்த, உள்ளூர் முக்கியத்துவம் மட்டுமே கொண்ட பள்ளம் என்று அவர் முடிவுசெய்தார். மாசி மாதத்தில் அதே இடத்தில் நின்றிருந்தால் அவருடைய காலணி நனைந்திருக்கும். 2022இன் கடும் வறட்சியிலும் தெற்குக் கரம் சுருங்கியதே தவிர வற்றவில்லை என்பதை அவ்வழியே நடக்கும் ஊரார் அனைவரும் அறிவர். நிலத்தடியை மின்காந்தக் கருவிகளால் அளந்த ஆய்வு ஒன்று செய்யப்பட்டது உண்மை; ஆனால் கனத்த களிமண்ணில் அத்தகைய அளவைகள் பல வேளைகளில் தெளிவற்ற படத்தையே தரும் என்பதும் துறையினர் அறிந்ததே. அளவை தெளிவாக இல்லை என்றால் செய்ய வேண்டியது சோதனைக் குழிகள் வெட்டிப் பார்ப்பது. அப்படி ஒரு குழியும் வெட்டப்படவில்லை. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதே, மண்ணில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நாடு முழுவதற்குமான திட்டக் கொள்கைச் சட்டகம் 2012இல் வந்தது முதல் பல முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் தொல்லியல் சான்றுகள் இருக்க வாய்ப்புள்ள நிலத்தில் ஆவண ஆய்வையும், அது போதாதபோது கள மதிப்பீட்டையும் விண்ணப்பதாரரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்ற விதி அதில் மாறவில்லை. கேட்டுப் பெற வேண்டியவர்கள் நீங்கள். முடிவெடுத்த பிறகு நிபந்தனையாகச் சேர்ப்பதற்கும், முடிவெடுக்கும் முன் கேட்டுப் பெறுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சாலை எங்கே போக வேண்டும் என்பதை முடிவுசெய்துவிட்டு, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பின்னர் தேடினால், கண்டெடுப்பது எதுவாக இருந்தாலும் சாலை நகராது.

நீரைப் பற்றி இப்போது விளக்க வேண்டும். அகழியின் அடியில் நூற்றாண்டுகளாகப் படிந்த கரிய சேற்றுக்குள் காற்று புகுவதில்லை. காற்று இல்லாத இடத்தில் மரத்தையும் தோலையும் விதைகளையும் அழிக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. அதனால்தான் உலர்ந்த நிலத்தில் சில பத்தாண்டுகளில் மக்கிப்போகும் பொருள்கள் இங்கே எஞ்சுகின்றன: பாலத்தைத் தாங்கிய ஓக் மரக் கால்கள், தோல் காலணிகள், மரக் கிண்ணங்கள், பழக்கொட்டைகள், வண்டுகளின் ஓடுகள், சுற்றியிருந்த வயல்களின் மகரந்தம். ஓக் கால் ஒன்று வெளிப்பட்டால், அதன் ஆண்டு வளையங்களை அளந்து, காலம் தெரிந்த வளைய வரிசைகளோடு ஒப்பிட்டு, மரம் வெட்டப்பட்ட காலத்தை மிக நெருக்கமாகச் சொல்லிவிடலாம். மகரந்தத்தைக் கொண்டு, அந்த ஆண்டுகளில் சுற்றுப்புறம் காடாக இருந்ததா, கோதுமை வயலாக இருந்ததா என்றும் அறியலாம். இவை அனைத்தும் ஒரே ஒரு நிபந்தனையில் தங்கியிருக்கின்றன: சேறு ஈரமாகவே இருக்க வேண்டும்.

ஈரம் போனால் என்னவாகும் என்பதற்கு இந்நாட்டிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. வட யார்க்‌ஷயரின் ஸ்டார் கார், அகழி மனைகளைவிடப் பன்மடங்கு பழையது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் வேட்டையாடிகள் வாழ்ந்த ஏரிக்கரை. 1949 முதல் 1951 வரை கிரஹாம் கிளார்க் அங்கே அகழாய்வு செய்தபோது எலும்பும் மான்கொம்பும் மரமும் வியக்கத்தக்க நிலையில் கிடைத்தன. இந்த நூற்றாண்டில் அதே இடத்தை மீண்டும் தோண்டியவர்கள் கண்டதோ வேறு. நிலத்தின் வடிகால் ஆழமாக்கப்பட்டு நீர்மட்டம் இறங்கியதால் காற்று உள்ளே புகுந்து, மண்ணிலிருந்த கந்தகச் சேர்மங்கள் அமிலமாக மாறி, எலும்புகள் சில கூழ்போல் குழைந்திருந்தன. மரங்கள் நசுங்கித் தட்டையாகியிருந்தன. அங்கே எவரும் தொல்லிடத்தின் மீது கட்டடம் எழுப்பவில்லை. அருகில் வடிகால் அமைத்தார்கள், அவ்வளவுதான். பதினோராயிரம் ஆண்டுகள் தாங்கியது சில ஆண்டுகளில் அழிந்தது.

உங்கள் வரைபடத்தில் இருக்கும் தேக்கக் குளம் எங்கள் அகழிக்கு அதையே செய்யும். களிமண் நீரை விடாது, ஆகவே அருகில் குளம் வெட்டினாலும் அகழி வற்றாது என்று ஆலோசகரின் பொறியாளர் எழுதியிருக்கிறார். பாடநூல் களிமண்ணுக்கு அது பொருந்தும். பனிப்பாறை விட்டுச்சென்ற இக்களிமண் ஒரே சீரானது அல்ல. இடையிடையே மணலும் சரளையும் கொண்ட படலங்கள் ஓடுகின்றன, கோடையில் ஆழமான வெடிப்புகள் விழுகின்றன. அகழியின் அடியைவிடத் தாழ்வாக ஒரு குளத்தை வெட்டி, அதன் நீரை ஒரு குழாய் வழியாக ஓடைக்கு இறக்கிவிட்டால், அத்தகைய ஒரு மணல் படலமே போதும், அகழி நீர் அந்தப் பக்கம் கசிந்து போவதற்கு. சாலையின் அடியில் பரப்பும் சரளையும், குடிநீர், கழிவுநீர், மின்கம்பிக் குழாய்களுக்கு வெட்டும் பள்ளங்களும் ஒவ்வொன்றும் ஒரு மறைமுக வடிகாலாகச் செயல்படும். இன்னொன்றும் உண்டு. இன்று மேலே உள்ள வயலின் சரிவில் விழும் மழை மெல்ல ஊறி அகழிக்கு வந்து சேர்கிறது. கூரைகளும் வாகனத் தரிப்பிடங்களும் அந்தச் சரிவை மூடியபின் அம்மழை முழுவதும் குழாய் வழியாகத் தேக்கக் குளத்துக்குப் போகும். அதாவது, ஒரு பக்கம் அகழியின் வரத்தைத் துண்டிக்கிறீர்கள், மறுபக்கம் அதன் போக்கைத் திறந்துவிடுகிறீர்கள். வெள்ளத் தடுப்பு அறிக்கை ஒன்று இந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. வீடுகளுக்குள் நீர் வராமல் காப்பதைப் பற்றி அது நன்றாகவே பேசுகிறது. அகழிக்கு நீர் வருவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சாலையைப் பொறுத்தவரை, நிரப்பப்பட்ட மேற்குக் கரம் ஏற்கெனவே சிதைந்துவிட்டது என்ற வாதம் கூட்டத்தில் சொல்லப்பட்டது. இது தலைகீழான முடிவு. 1960களில் மேலே கொட்டிய கல்லும் மண்ணும், கீழே உள்ள இடைக்காலச் சேற்றைத் தோண்டாமல் மூடியிருக்கின்றன. திறந்து கிடந்த கரங்களைக் காலந்தோறும் யாரோ ஒருவர் துப்புரவு செய்திருக்கலாம். மூடிய கரத்தை அதற்குப் பின் யாரும் தொடவில்லை. மனைக்குள் நுழையும் பாலம் மேற்கில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் தேவாலயத்திலிருந்து வரும் பழைய பாதை அந்தப் பக்கத்தை நோக்கியே வளைகிறது. கனரக வண்டிகள் ஏறி இறங்கும் சாலையின் பாரம், மென்மையான ஈரச் சேற்றை நசுக்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும். அகழியின் நான்கு கரங்களில் மிக விலைமதிப்புள்ளதாக இருக்கக்கூடிய ஒன்றை, கண்ணுக்குத் தெரியவில்லை என்ற காரணத்தால் சாலைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

இன்னொரு திட்டம் நல்லெண்ணத்தின் தோற்றத்தோடு வருவதால் அதைத் தனியே சொல்ல வேண்டும். பெரிய கட்டுமானத் திட்டங்கள் 2024 பிப்ரவரி முதல் உயிர்ப்பன்மையை 10 விழுக்காடு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற சட்டக் கடமை இருக்கிறது. அதை நிறைவேற்றுவதற்காக, நீர் நிற்கும் இரு கரங்களையும் ஆழப்படுத்திச் சேற்றை அள்ளி, குளங்களாக மேம்படுத்துவதாக விண்ணப்பம் சொல்கிறது. ஏரியையும் குளத்தையும் தூர்வாருவதை ஊருக்குச் செய்யும் நற்பணியாகப் பார்த்து வளர்ந்தவன் நான். பாசனக் குளத்தில் அது நற்பணிதான். அகழியில் அந்தத் தூரே ஆவணம். இயந்திரக் கரண்டி ஒரு பிற்பகலில் அள்ளி எறியும் சேற்றில் எழுநூறு ஆண்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அகழியில் வாழும், பல்லி போன்ற நீர்நில உயிரிகளான கொண்டை நியூட்டுகளுக்கு 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த நியூட் வாழும் அகழிக்கு எங்கள் ஊரில் எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை.

ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 1979ஆம் ஆண்டு தொல்நினைவுச்சின்னங்கள், தொல்லியல் பகுதிகள் சட்டத்தின் கீழ் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடங்களுக்கே நேரடிப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்து முழுவதிலும் எல்லா வகையும் சேர்த்து அப்பட்டியலில் ஏறத்தாழ 20,000 இடங்களே உள்ளன. அறியப்பட்ட அகழி மனைகளில் ஒரு பகுதி மட்டுமே அதில் இடம்பெற்றிருக்கிறது. எங்கள் அகழி அதில் இல்லை. பட்டியலில் இல்லாததால் முக்கியத்துவம் குறைவு என்று உங்கள் கூட்டத்தில் இரு முறை சொல்லப்பட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலில் சேர்ப்பது அமைச்சரின் விருப்புரிமைக்கு உட்பட்டது. தகுதியுள்ள எல்லா இடங்களும் சேர்க்கப்பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் தேசியக் கொள்கைச் சட்டகமே, பட்டியலில் இல்லாவிட்டாலும் பட்டியலிட்ட நினைவுச்சின்னத்துக்கு நிகரான முக்கியத்துவம் கொண்டதென்று காட்டக்கூடிய தொல்லியல் இடங்களை, பட்டியலிட்டவற்றுக்குரிய விதிகளின்படியே நடத்த வேண்டும் என்கிறது. நிகரானதா இல்லையா என்பதை அறிய ஒரே வழி களத்தில் சோதித்துப் பார்ப்பது. அந்தச் சோதனையைக் கேட்காமலே, நிகரானது அல்ல என்று முடிவுசெய்திருக்கிறீர்கள்.

கட்டுமானத்துக்கு முன் தொல்லியலாளர்கள் வந்து அனைத்தையும் பதிவுசெய்துவிடுவார்கள் என்ற ஆறுதலும் கூட்டத்தில் வழங்கப்பட்டது. அழிப்பதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று எடைபோடும்போது, பதிவுசெய்ய முடியும் என்பதைக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டகம் தெளிவாகக் கூறுகிறது. அகழாய்வின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேற்கு லண்டனின் நார்த்தோல்ட் மேனரில் 1950 முதல் நடந்த அகழாய்வுகள், அகழி வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்த தடயங்களை வெளிக்கொண்டு வந்தன. அகழி மண்ணைக் கொட்டி உயர்த்திய திட்டு தன் அடியில் அதற்கு முந்தைய நிலத்தையும் மூடிப் பாதுகாக்கும் என்பதை அது காட்டியது. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன் தோண்டியவர்களுக்கு இல்லாத கருவிகள் இன்று இருக்கின்றன, இன்று இல்லாதவை நாளை வரும். அவசரத்தில் ஒரே முறையாக எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடுவது பாதுகாப்பு ஆகாது.

நிற்கும் மாளிகை இருந்தால் பாதுகாப்பு தானாகவே வந்துவிடுகிறது என்பதையும் நான் கவனித்து வந்திருக்கிறேன். கென்ட் கவுண்டியின் ஐதம் மோட்டுக்கும், நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ மாளிகைக்கும், வாரிக்‌ஷயரின் பாடெஸ்லி கிளிண்டனுக்கும் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் போகிறார்கள். அவை மரபிடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில் நன்றாக இருக்கின்றன. வீடு போய், புல் மூடிய திட்டும் நீரும் மட்டும் மீந்திருக்கும் பல்லாயிரம் இடங்களுக்கு அப்படி ஒரு காவலர் இல்லை. அவற்றுக்கு நீங்கள்தான் காவலர்.

நான் முன்பு வாழ்ந்த ஹாரோவில் ஹெட்ஸ்டோன் மேனர் இருக்கிறது. அதன் பழைய பகுதியின் மரங்களை வளையக் கணக்கால் ஆராய்ந்து 1310ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று கண்டிருக்கிறார்கள். 1344இல் கேன்டர்பரி பேராயர் அதை வாங்கினார். சுற்றிலும் நெருக்கமான வீடுகள், கடைகள், இரயில் பாதை. நடுவே நீர் நிறைந்த அகழியும், அதற்குள் அந்த வீடும், ஊருக்குப் பொதுவான அருங்காட்சியகமாக நிற்கின்றன. ஹாரோவில் வளர்ந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள்; என் பிள்ளைகளும் கடந்தார்கள். இந்நாட்டின் பழமை தங்களுக்கும் உரியதென்று அவர்கள் உணர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. நெரிசல் மிகுந்த லண்டன் புறநகரில் அகழியை நீரோடு காக்க முடியுமென்றால், சுற்றிலும் வயல்கள் விரிந்த எங்கள் ஊரில் முடியாது என்று எவரும் சொல்ல முடியாது.

வீடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பிறந்த இளைஞர்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுவதை நானும் பார்க்கிறேன். வீடு தேடி அலைந்த ஆண்டுகள் என் நினைவிலும் இருக்கின்றன. இதே நிறுவனம் முதலில் கொடுத்த வரைபடத்தில் சாலை வடகிழக்கு மூலையில் உள்ள ஒழுங்கை வழியாகத்தான் வந்தது. அங்கே வேலியைப் பின்தள்ளிப் பார்வைத் தூரத்தைக் கூட்ட வேண்டியிருந்ததாலும், அதற்கு அடுத்த நிலத்துக்காரரோடு பேச வேண்டியிருந்ததாலும் சாலை மேற்குக்கு மாற்றப்பட்டது. அந்தச் சிறு சிரமத்தைத் தவிர்ப்பதற்காக அகழி விலையாகக் கொடுக்கப்படுகிறது. கூட்டத்தில் எனக்குக் கிடைத்த மூன்று நிமிடங்களில் இதைச் சொன்னேன். உறுப்பினர் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை.

1990ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தம், அதாவது அனுமதியோடு சேர்ந்த கடமைகளை எழுதும் ஒப்பந்தம், இன்னும் கையொப்பமாகவில்லை. அனுமதி அறிவிக்கையும் வெளிவரவில்லை. அறிவிக்கை வெளிவரும் வரை, முடிவைப் பாதிக்கக்கூடிய புதிய விடயங்களைக் கருத்தில் கொள்ளும் கடமை உங்களுக்கு இருக்கிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

இந்த விண்ணப்பத்தை மீண்டும் குழுவின் முன் கொண்டுவாருங்கள். அதற்கு முன், மேற்குக் கரத்தின் குறுக்கேயும் திட்டின் மீதும் சோதனைக் குழிகள் வெட்டி, ஈரச் சேற்றின் நிலையை அத்துறை அறிந்தவர்களைக் கொண்டு மதிப்பிடும்படி விண்ணப்பதாரரைப் பணியுங்கள். அந்த வேலையின் வரைமுறையைக் கவுண்டியின் தொல்லியல் ஆலோசகர்கள் வகுக்கட்டும், அதன் அறிக்கை முழுமையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படட்டும். அகழிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே போகிறது என்ற தனியான நீரியல் ஆய்வைக் கேட்டுப் பெறுங்கள். நீர்மட்டக் கண்காணிப்புக் குழாய்களை இறக்கி, குறைந்தது ஒரு முழு ஆண்டின் ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்த பிறகே தேக்கக் குளத்தின் இடமும் ஆழமும் தீர்மானிக்கப்பட வேண்டும். கோடைக் கடைசியில் எடுத்த ஒரேயொரு அளவீட்டை ஏற்காதீர்கள்.

சாலையை வடகிழக்கு ஒழுங்கைக்கே திருப்புங்கள். நான்கு கரங்களையும், அவற்றின் வெளிக்கரையைச் சுற்றிய ஓர் அகன்ற பட்டையையும் சேர்த்து, கட்டடம், சாலை, குழாய்ப் பள்ளம், மரநடுகை எதுவும் புகாத பகுதியாக வரையறுத்து, 106ஆம் பிரிவு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அகழிச் சேற்றை அள்ளும் எந்த வேலையையும் உயிர்ப்பன்மைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அதற்குரிய புதிய குளங்களை நிலத்தின் கிழக்குக் கோடியில் வெட்ட இடம் இருக்கிறது.

இந்த அகழியைப் பட்டியலில் சேர்க்கும்படி அரசின் மரபுரிமை ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு எங்கள் குழு விண்ணப்பிக்க இருக்கிறது. அதற்குக் கவுன்சிலின் ஆதரவுக் கடிதம் ஒன்றைத் தாருங்கள். எங்கள் மாவட்டத்தின் எல்லைக்குள் உள்ள எல்லா அகழி மனைகளையும், பட்டியலில் இருப்பவை, இல்லாதவை என்ற வேறுபாடின்றி, வரலாற்றுச் சூழல் பதிவேட்டிலிருந்து எடுத்து உள்ளூர் மரபிடப் பட்டியலில் சேர்த்து, அடுத்த உள்ளூர்த் திட்டத்தில் அவற்றின் நீரையும் சுற்றுப்புறத்தையும் காக்கும் தனிக் கொள்கை ஒன்றை இயற்றுங்கள். அவற்றை நேரில் சென்று சரிபார்க்க ஆட்கள் இல்லை என்பது தடையாக இருந்தால், குளிர்காலத்தில் அவ்வேலையைச் செய்ய எங்கள் தன்னார்வலர்கள் அணியமாக இருக்கிறோம்.

அனுமதி அறிவிக்கை வெளியாவதற்கு முன், மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று, மறுத்தால் காரணத்தோடு, எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வந்ததும் அதையும் இதே இடத்தில் தமிழில் வெளியிடுவேன்.

இப்படிக்கு,
கிராமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நீர்வடிகால் பொறியாளர்